போயா நாளில் ஊற்றிய தண்ணீர்

மகளின் தக்காளிகள் எப்படி இருக்கின்றன என்று இன்றும் யாராவது விசாரித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கேட்பவர்கள் நல்ல எண்ணத்தோடு கேட்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல எண்ணத்தால் இந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்தது போதும்.

நாங்கள் இருப்பது ஹந்தானை மலைக்கு ஏறும் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. கீழ்த் தட்டில் வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். மேல் தட்டில் நாங்கள் மூன்று பேர். எங்களுக்கு மேலே மொட்டை மாடி. வெளிப்பக்கமாகப் போகிற சீமெந்துப் படியால் ஏற வேண்டும். எனக்கும் கணவருக்கும் ஊர் யாழ்ப்பாணம். அரசாங்க உத்தியோகம் எங்களைக் கண்டிக்குக் கொண்டுவந்து போட்டது. மகள் இங்கேதான் பிறந்தாள், ஒரே பிள்ளை.

அவள் தோட்டக்கலை படிக்கிறாள். இன்னும் படிக்கிறாள் என்று சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. நான்கு வருடப் படிப்பு. முதலில் தொற்று நோய் வந்து மூடினார்கள். பிறகு பெற்றோல் இல்லை, பஸ் இல்லை என்று மூடினார்கள். பிறகு வேலைநிறுத்தம். அவளோடு உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு நேரே வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு இப்போது நேர்சரிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கின்றன. இவள் இன்னும் தோளில் பையோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள். கடைசியாக மிஞ்சியிருந்தது ஓர் ஆய்வு மட்டுந்தான். அதன் அறிக்கையைக் குறித்த காலத்துக்குள் கொடுத்தால் இந்தத் தொகுதி மாணவர்களோடு பட்டம் கிடைக்கும். கொடுக்காவிட்டால் அடுத்த தொகுதியோடு சேர்ந்து இன்னொரு வருடம். அந்த வருடத்தை அவளிடமிருந்து யாரும் பிடுங்கக் கூடாது என்பதுதான் என் ஒரே நினைப்பாக இருந்தது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கண்டியிலிருந்து பன்வில பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, இடையில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்துப் போகிற இடம். அங்கே ஆய்வுச் செடிகள் வைக்கக் கண்ணாடி போன்ற பொலித்தீன் போட்ட ஒரு கூடாரம் உண்டு. மகளுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் வசதியிருந்தால் வீட்டிலேயே செய்யலாம் என்று விரிவுரையாளர் சொல்லியிருக்கிறார். இவளும் "ஓகே மேடம்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அதை எங்களுக்குச் சொன்னபோதும் முறைப்பாடு போலச் சொல்லவில்லை. "இஞ்சயே செய்தால் பஸ் செலவு மிச்சம்தானே அம்மா" என்றாள்.

வீட்டுக்காரம்மாவிடம் அனுமதி கேட்டு, மொட்டை மாடியில் குழாய் நட்டு, மழை படாமல் மேலே பொலித்தீன் போட்டு, குரங்கு வராமல் சுற்றிவர வலை கட்டினோம். கண்டியில் குரங்குக்குத் தெரியாமல் ஒரு தக்காளி பழுத்ததாகச் சரித்திரம் இல்லை. வலையின் வாசலை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டுவாள். உள்ளே கறுப்புப் பைகளில் தக்காளிக் கன்றுகள்.

ஆய்வு இதுதான். வளர்ச்சி ஒழுங்காக்கி என்று ஒரு வகை மருந்து இருக்கிறது. அவள் வைத்திருந்தது செடியின் உயரத்தை அடக்குகிற வகை. பூந்தொட்டிச் செடிகள் கடையில் கட்டையாக, அழகாக நிற்பது பல வேளை அதனால்தானாம். அதைக் கொடுத்தால் தண்டு நீளாது; இலை தடித்துக் கரும்பச்சையாகும்; செடி தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும் என்கிறார்கள். அப்படியென்றால் வரட்சியில் அது மற்றச் செடியைவிடக் கூடத் தாங்குமா, தாங்குவதற்கு விலையாகப் பூவையும் காயையும் எவ்வளவு இழக்கும் என்பதுதான் அவளுடைய கேள்வி. ஆகவே நான்கு கூட்டம். மருந்தும் தண்ணீரும் பெற்றவை, மருந்து பெற்றுத் தண்ணீர் குறைக்கப்பட்டவை, மருந்தில்லாமல் தண்ணீர் பெற்றவை, இரண்டும் இல்லாதவை. வீட்டில் நாங்கள் அந்த மருந்தைக் கட்டை மருந்து என்போம்.

"தண்ணி குடுக்காமல் விடுறதுக்கும் ஒரு பட்டமோ பிள்ளை?" என்றார் என் கணவர். "அப்பிடியெண்டால் எங்கட குசினிப் பைப்புக்கு எப்பவோ டொக்டர் பட்டம் குடுத்திருக்க வேணும்."

"பைப் ஒழுங்கா அளந்து குடுக்காமல் விடுறேல்லை அப்பா. நான் அளந்து குடுக்காமல் விடுறன்."

நான்கு கூட்டத்தையும் தனித்தனி வரிசையாக வைத்தால் பார்க்க வடிவாக இருக்குமே என்று நான் சொன்னேன். கூடாதாம். ஒரு மூலையில் வெயில் கூட, ஒரு மூலையில் காற்றுக் கூட. அதனால் சீட்டுக் குலுக்கிப் போட்டு இடம் பிரித்திருந்தாள். எது எந்தக் கூட்டம் என்று தெரிய, பையின் கழுத்தில் நான்கு நிறத்தில் கம்பளி நூல் கட்டியிருந்தாள். அவளைத் தவிர வேறு யார் பார்த்தாலும் அது வாடினதும் வாடாததும் கலந்து கிடக்கிற ஒரு கவனிப்பாரற்ற தோட்டமாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு பையாக இரண்டு கையாலும் தூக்கித் தராசில் வைப்பாள். பாரம் எவ்வளவு குறைந்ததோ அதைப் பார்த்துத்தான் தண்ணீர். தண்ணீர் குறைக்கப்பட்டவற்றுக்குக் கணக்காக ஒரு மிடறு. மதியத்தில் அந்தச் செடிகளைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. இலையெல்லாம் ஈரத் துணி போலத் தொங்கும். பூ வந்தது வந்தபடியே காம்போடு உதிரும்.

"பாவமடி, அந்தக் கரையில நிக்கிறது செத்துப்போகும் போல கிடக்கு."

"சாகாது. சாக விடமாட்டன். அம்மா, நீங்கள் மட்டும் தயவுசெய்து இரக்கப்படாதேங்கோ."

"இது நல்லா நிக்குதே. இதுக்குத் தண்ணி விட்டனியோ?"

"இல்லை. அதுக்கும் விடாய்தான். கட்டை மருந்து குடிச்சது, அவ்வளவு கெதியா வாடிக் காட்டாது. பாத்துச் சொல்லேலாதம்மா. தூக்கிப் பாருங்கோ."

தூக்கிப் பார்த்தேன். கரும்பச்சையாய், கம்பீரமாய் நின்ற அந்தச் செடியின் பை, வெறும் கடதாசிப் பெட்டி போல வந்தது.

அந்த நாட்களில்தான் கண்டியில் வரட்சி. குழாயில் காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். பிறகு காற்று மட்டும் வரும். நாங்கள் வாளிகளில் பிடித்து வைப்போம். மகள் காலையில் செடிகளைத் தூக்கி நிறுத்துவிட்டு, பஸ்ஸில் போய் ஆய்வுகூடத்தில் இலைகளைச் சோதித்துவிட்டு, மாலையில் வந்து திரும்பவும் மேலே ஏறுவாள். மெலிந்து போயிருந்தாள். கேட்டால் "ஓம், சாப்பிட்டனான்" என்பாள். "ஓம், ஓம், குடிச்சனான்" என்பாள். முகத்தில் ஒரு களைப்பும் காட்டமாட்டாள்.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. வீட்டுக்காரம்மா விடியவே வெள்ளை உடுத்து விகாரைக்குப் போய்விட்டார். போயாவுக்குப் போயா அவர் போவார், அங்கே அரசமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார், மதியம் திரும்பிவருவார். அறுபது தாண்டிய மனிசி, முழங்காலில் நோ, மகன் வெளிநாட்டில். எங்களோடு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இதையும் நான் எழுதத்தான் வேண்டும். மோசமான ஒருவர் செய்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

மகள் காலை வேலையை முடித்துவிட்டு வந்து படுத்தவள், பகல் முழுக்க எழும்பவில்லை. வெயில் இறங்க மேலே போனாள். போன வேகத்திலேயே இறங்கி வந்து குசினி வாசலில் நின்றாள்.

"அம்மா, மேல தண்ணி விட்டிருக்கு."

"எங்க?"

"பைகளுக்கு. வாடினதெல்லாம் நிமிர்ந்து நிக்குது. மண் சொதசொதவெண்டு கிடக்கு." பிறகு மிகவும் மெல்லிய குரலில் கேட்டாள். "நீங்களோ?"

நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். திருவலையை அப்படியே தள்ளிவிட்டு எழும்பினேன். நான் இல்லை. அந்தச் செடிகளுக்கு ஒரு சொட்டு விட்டதில்லை. விட மனம் வந்தபோதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தவள் நான். ஆனால் இரக்கப்பட்டு வாய்விட்டுச் சொன்னவளும் நான்தானே. ஆகவே வீட்டில் முதல் சந்தேகம் எனக்கு.

கணவரும் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து நின்றார். "இஞ்ச பாரும், உண்மையைச் சொல்லும். பிள்ளை கோவிக்க மாட்டாள்."

"என்ன உண்மையைச் சொல்லுறது? குரங்கு விட்டிருக்கும், போய்க் கேளுங்கோ!"

"குரங்கு முடிச்சுப் போடாது. வலை மூண்டு முடிச்சோட ஒழுங்காக் கட்டிக் கிடக்கு."

"அப்ப முடிச்சுப் போடத் தெரிஞ்ச ஒரே ஆள் நான்தானோ இந்த வீட்டில?"

எங்கள் சத்தம் படியில் கேட்டதோ தெரியாது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா கதவடியில் வந்து நின்றார். கையில் பாற்சோறு வைத்த தட்டு. அவருடைய முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி. அவர் பேசுவது சிங்களம். நாங்களும் அவரோடு சிங்களத்தில்தான். மகளை எப்போதும் "துவ", மகளே, என்றுதான் கூப்பிடுவார்.

"துவ, மேல போய்ப் பாத்தீங்களா? எழும்பி நிக்குதா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அனே, எவ்வளவு பாவம்! விகாரையில் இருந்து வந்து துணி எடுக்க ஏறினேன். நாக்கு வறண்ட மாதிரிக் கிடந்தது எல்லாம். நீ படிப்பு, பஸ் என்று அலையிறாய், உனக்கு நேரமில்லை என்று எனக்குத் தெரியும். என்னுடைய வாளித் தண்ணீரைக் கொண்டுபோய் நானே ஊற்றினேன். போயா நாளில் தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தால் பின் கிடைக்கும். அதில் உனக்கும் பங்கு."

பின் என்றால் புண்ணியம். மகளின் ஒரு வருடத்தைக் கொடுத்து வாங்குகிற அந்தப் பங்கு எனக்கு வேண்டாம்.

மகள் ஒன்றுதான் கேட்டாள். "எல்லாத்துக்கும் ஊற்றினீங்களா ஆன்டி?"

"இல்லை, இல்லை. தண்ணீர் இல்லாத காலமல்லவா? வாடிக் கிடந்ததுகளுக்குத்தான். கூட வாடினதுக்குக் கூடத் தண்ணீர். அந்தக் கட்டையான, பச்சையான செடிகள் நல்லாத்தானே இருக்குது, அதுகளுக்கு எதற்கு?"

மகள் சிரித்தாள். "ஸ்தூதி ஆன்டி" என்று நன்றி சொல்லித் தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள்.

அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. கத்தியிருக்கலாம். அழுதிருக்கலாம். தட்டைப் போட்டு உடைத்திருக்கலாம். எல்லாச் செடிக்கும் சமமாக ஊற்றியிருந்தால்கூட ஏதாவது மீட்டிருக்கலாமாம். மருந்து பெறாமல் வாடியவற்றுக்கு மட்டும் தண்ணீர். அதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அளவு. மருந்து பெற்றுத் தண்ணீரில்லாமல் நின்றவற்றுக்கு ஒன்றுமேயில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இருந்த இரண்டு கூட்டமும் ஒரு வாளியோடு போய்விட்டன.

வீட்டுக்காரம்மா இறங்கிப் போன பிறகு மகளைப் பிடித்தேன். "வாயைத் திறந்து சொல்லியிருக்கக்கூடாதோ, நீங்கள் செய்தது பிழை எண்டு?"

"சொல்லி என்னம்மா செய்யிறது? அவ அந்த முழங்காலோட வாளி காவிக்கொண்டு படி ஏறியிருக்கிறா."

"அப்ப நான் போய்ச் சொல்லுறன்."

"வேண்டாம். வீட்டுக்காரர். பிறகு அவவுக்கும் கவலை, எங்களுக்கும் கவலை. நான் சமாளிப்பன்."

வாடகை வீட்டில், அதுவும் அடுத்தவர் மொழியில், கோபத்தையும் அளந்துதான் ஊற்ற வேண்டியிருக்கிறது. கணவர் நிலைமையை இலேசாக்கப் பார்த்தார். "மனிசருக்கு எந்த மரத்தில இரக்கம் வரும் எண்டு ஆய்வு செய்திருந்தால் அருமையான பெறுபேறு" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் பத்திரிகையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பாற்சோற்றை யாரும் தொடவில்லை.

அடுத்த நாள் காலை, பழுதான பைகளை இறக்கிவிட்டுப் புதிதாக விதை போடப் போகிறேன் என்று மகள் தனியே மேலே போனாள். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். படியில் ஏதோ விழுந்த சத்தம். பை ஒன்று கைதவறிவிட்டது என்றுதான் நினைத்தேன். இரண்டாவது சத்தம் எதுவும் வராதபடியால் எட்டிப் பார்த்தேன். படி திரும்பும் இடத்தில் அவள் கிடந்தாள். கறுப்புப் பை கிழிந்து மண் முழுவதும் அவளுடைய நெஞ்சிலும் தலைமயிரிலும். கண் பாதி திறந்திருந்தது. நான் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

நான் என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல எனக்கு முடியவில்லை. வீட்டுக்காரம்மாதான் முதலில் ஓடி வந்தார் என்று ஞாபகம். ஓட்டோவில் அவள் தலை என் மடியில் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. அவ்வளவு கிட்டத்தில் அந்த உதட்டை நான் எவ்வளவு நாளாகப் பார்க்கவில்லை!

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி அவளுடைய கையின் மேல்தோலைக் கிள்ளி விட்டார். தோல் கிள்ளினபடியே கொஞ்ச நேரம் நின்றது. "கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். அதற்குள் மகளுக்கு நினைவு வந்திருந்தது. யோசித்தாள். யோசிக்க வேண்டியிருந்தது! சலவழியில், சிறுநீர்ப் பாதையில், தொற்று, அதனால் காய்ச்சல், உடம்பில் நீர் இல்லை. சேலைன் ஏற்றினார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. வரட்சி தொடங்கியதிலிருந்து அந்த நிறுவனத்தில் பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. பாதி நாள் பூட்டு. ஆகவே பிள்ளைகள் காலையில் இருந்து மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை. நான் தினமும் நிரப்பிக் கொடுக்கும் போத்தலை இவள் நிறையவே கொண்டுபோய், நிறையவே கொண்டுவந்து, வீட்டு வாசலில் பூச்சாடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே வந்திருக்கிறாள்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"எல்லாரும் அப்பிடித்தானேம்மா. சொன்னா நீங்கள் அந்தரப்படுவியள்."

பார்வையாளர் நேரம் முடிந்து எங்களை வெளியே அனுப்பினார்கள். கணவர் வீட்டுக்குப் போவோம் என்றார். நான் நேரே குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மகளின் நிறுவனத்துக்குப் பஸ் ஏறினேன். உடுத்திருந்த சேலையில் அவள் மேல் கொட்டிய மண் இருந்தது.

விரிவுரையாளர் மலையகப் பக்கத்துத் தமிழ்ப் பெண். என்னைவிட இளையவர். எழுந்து நின்று கதிரை தந்தார். "வாங்கம்மா, உட்காருங்க. மகளுக்கு எப்பிடி இருக்கு? இப்பதான் அவ கூட்டாளிங்க சொன்னாங்க."

உட்காரவில்லை. ஏன் என் பிள்ளைக்கு உங்கள் கூடாரத்தில் இடம் கொடுக்கவில்லை என்று கேட்டேன். கொடுத்திருந்தால் வீட்டுக்காரம்மாவும் இல்லை, வாளியும் இல்லை.

"இடம் ஒண்ணுதாம்மா இருந்திச்சு. ரெண்டு பேர் கேட்டாங்க. மத்தப் பையன் ஆபிஸ்ல வந்து நின்னு அழுதுட்டான், வீட்ல வசதியில்ல, என்னால ஏலாதுன்னு. உங்க மக ஒண்ணுமே சொல்லலையே. எப்பக் கேட்டாலும் 'ஓகே மேடம்'. சிரிச்ச முகம். அவ நல்லா செஞ்சுக்குவான்னு நெனச்சேன்."

"நல்லாத்தானே நிக்குது, அதுக்கு எதுக்குத் தண்ணி எண்டு."

"என்னம்மா?"

"ஒண்டுமில்லை."

ஆனால் ஒன்றுமில்லை என்று விட முடியவில்லை. நான் கத்தினேன். வாழ்க்கையில் ஓர் அலுவலகத்தில் நான் கத்தியது அன்றுதான். "ஒரு பிள்ளை உங்களுக்கு முன்னால விழுந்து அழுதாத்தான் கண் தெரியுமோ? செடியை நிறுத்துப் பாக்கச் சொல்லிக் குடுக்கிறியள். பிள்ளையளை மட்டும் முகத்தைப் பாத்து முடிவெடுப்பியளோ? பொம்பிளைப் பிள்ளையள் பகல் முழுக்கத் தண்ணி குடிக்கிறேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல், "தெரியும்மா" என்றார். "நாங்களும் குடிக்கிறதில்ல. தண்ணி கொண்டுவர பவுசர் லொறி கேட்டு எழுதியிருக்கோம்."

அந்தப் பதிலுக்கு நான் ஆயத்தமாக வரவில்லை. அதற்காக என் கோபம் தணிந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அவரும் குடிக்காமல் இருந்தது அவருடைய நல்ல குணம் அல்ல. ஒரு கட்டடம் நிறையப் பெண்கள் தாகத்தோடு சிரித்த முகமாக நடமாடுவதை ஒழுங்கு என்று பெயர் வைத்து நடத்துகிறார்கள். அதைப் பொறுத்துப்போகிறவர்களில் ஒருவர் இவர், அவ்வளவுதான். அதையும் சொன்னேன். கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். அந்தப் பையனின் வேலை முடிகிறது. கூடாரத்தில் பாதி காலியாகும். காய் வரும்வரை காத்திருந்தால் காலம் போதாது. கன்றுப் பருவத்தில் மட்டும் வரட்சியைப் பார்ப்பது என்று ஆய்வைச் சுருக்கினால் இந்தத் தொகுதியோடு அறிக்கை கொடுக்கலாம்.

மறுநாள் இதை வார்ட்டில் சொன்னேன். மகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "ஆரம்மா உங்களைப் போகச் சொன்னது? என்ர மானத்தை வாங்கிப்போட்டியள். இனி நான் அங்க எப்பிடி முகம் காட்டுறது? காய் இல்லாமல் அரைகுறை ஆய்வாம்! எனக்கு வேண்டாம்!" பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேலைன் குழாய் ஆடியது. அவள் இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டு எத்தனையோ வருடம்.

வீட்டுக்கு வந்த பிறகு சொந்தக்காரரின் பேச்சு தொடங்கியது. கனடாவிலிருந்து என் கணவரின் தம்பி வட்ஸ்அப்பில் வந்து, "அண்ணி, கஸ்டப்பட்டாத்தான் பிள்ளையள் உரமா வருங்கள். மரமும் அப்பிடித்தானாமே, தண்ணியை நிப்பாட்டினாத்தான் பூக்குமாம்" என்றார். சில மரங்கள் அப்படிப் பூப்பது உண்மைதான். தேசிக்காயை, எலுமிச்சையை, அப்படிப் பூக்கவைப்பார்கள் என்று மகளே சொல்லியிருக்கிறாள். ஆனால் நான் அந்த மொட்டை மாடியில் நாள் நாளாக நின்று பார்த்தவள். தண்ணீர் இல்லாத தக்காளி முதலில் இலையின் துவாரங்களை மூடிக்கொள்ளும். பிறகு வளர்வதை நிறுத்தும். பிறகு பூவைக் கீழே போடும். அது உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்து உரம் என்று சொல்ல ஒருவர் கனடாவில் இருக்க வேண்டும். "தம்பி, என்ர மகள் தக்காளி இல்லை" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்த மகள், பிறகு ஒரு காலை பையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். கூடாரத்தில் புது விதை போட்டாள். காய் இல்லாத ஆய்வு. அவள் நினைத்த கேள்வியில் பாதிதான் அது. மற்றப் பாதி மாடியில் செத்தது. அறிக்கையை நேரத்துக்குக் கொடுப்பாள் என்றுதான் இன்று நம்பிக்கை. கழிப்பறைக்குப் பவுசர் வந்ததாம், இரண்டு தரம். பிறகு வரவில்லை. மற்றப் பெற்றோரிடமும் கதைத்து நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். விடப்போவதில்லை.

அடுத்த போயா வந்தது. மாடியில் பழைய செடிகள் இன்னும் இருந்தன. தூக்கியெறிய யாருக்கும் மனம் வரவில்லை; கணவர் இடைக்கிடை கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவந்தார். மதியம் வீட்டுக்காரம்மா வெள்ளை உடுப்போடு படியடியில் வந்து நின்றார். கையில் வாளி. மகள் விழுந்த நாளிலிருந்து அவர் மேலே ஏறியதேயில்லை.

"துவ, இன்றைக்கு ஊற்றலாமா?"

நான் யன்னலுக்குள் நின்றேன். மகள் வழக்கம்போலச் சிரித்து "சரி ஆன்டி" என்பாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாயில் அந்தச் சிரிப்பு வரப் பார்த்ததையும் கண்டேன்.

"ஆன்டி, போன போயாவுக்கு நீங்கள் ஊற்றினதில என்னுடைய ஆய்வு முழுக்கப் போயிட்டுது" என்றாள். "நான் அன்றைக்குச் சொல்லவில்லை. எனக்குச் சரியான கோபம்."

வீட்டுக்காரம்மாவின் கையில் வாளி தளும்பியது. "அனே, துவ" என்றார். மகள் சமாதானம் சொல்லவில்லை. பிறகு மகள் வாளியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு படியேறினாள். அவர் கைபிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் ஏறினார். மேலே மகளின் குரல் கேட்டது. "இதைத் தூக்குங்க ஆன்டி. இல்லை, பார்க்க வேண்டாம், தூக்குங்க. இதுக்குத்தான் முதலில்."

அவர்கள் இறங்கி வரும்வரை நான் சும்மா இருக்கவில்லை. கூடத்தில் கதிரையில் தொங்கிய அவளுடைய பையைத் திறந்தேன். முந்தைய நாள் நான் நிரப்பிக் கொடுத்த தண்ணீர்ப் போத்தல் உள்ளே இருந்தது. தூக்கிப் பார்த்தேன். கல் மாதிரிப் பாரம். மூடிகூடத் திறக்கப்படவில்லை.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததோ. "இஞ்ச வாடி! இப்ப வா! என்ர முன்னால நிண்டு குடி!"

"வையுங்கோ அம்மா அங்க! குடிக்கிறன்தானே, ஏன் இப்பிடிக் கத்துறியள்!" மாடியிலிருந்து அதே சத்தத்தில் பதில் வந்தது. படி அதிர இறங்கி வந்தாள். கையெல்லாம் மண். என் கையிலிருந்த போத்தலைப் பறித்து, என்னை முறைத்துக்கொண்டே, நின்ற நிலையில் மடக்கு மடக்கென்று குடித்தாள். கழுத்தால் வழிந்தது. பாதியில் நிறுத்தப் பார்த்தாள்.

"முழுக்க" என்றேன்.